ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பை மாணவர்கள் ஏன் படிக்க வேண்டும், எப்படிப் படிக்க வேண்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாடநூலில் இரண்டாம் உலகப் போர் ஏற்கெனவே இருக்கிறதே, அதற்கு மேல் ஒரு சிறுமியின் நாட்குறிப்பு எதற்கு?

பாடநூலை எழுதியவருக்குப் போர் எப்படி முடிந்தது என்று தெரியும். நாட்குறிப்பு எழுதியவளுக்குத் தெரியாது. இந்த ஒரு காரணமே போதும்.

1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கிய செய்தி வானொலியில் வந்ததும், நாஜிக்களுக்குப் பயந்து ஆன் ஒளிந்திருந்த ஆம்ஸ்டர்டாம் வீட்டில் ஒரே பரபரப்பு. செப்டம்பரிலோ அக்டோபரிலோ பள்ளிக்கூடம் திரும்பிவிடலாம் என்று அக்கா மார்கோ சொன்னதை அன்றைய குறிப்பில் எழுதிவைத்தாள். அப்பா ஓட்டோ செய்தித்தாளில் வந்த நார்மண்டி வரைபடத்தை வெட்டிச் சுவரில் ஒட்டி, படைகள் முன்னேற முன்னேறக் குண்டூசி குத்திக்கொண்டே வந்தார். அந்தக் குண்டூசிகள் ஆம்ஸ்டர்டாமை எட்டுவதற்குள், ஆகஸ்ட் 4 அன்று அங்கே ஒளிந்திருந்த எட்டுப் பேரும் பிடிபட்டார்கள். ஜூன் 6ஆம் தேதிக் குறிப்பைப் படிக்கும் மாணவருக்கு இது தெரியும், எழுதியவளுக்குத் தெரியாது. வரலாற்றில் வாழ்ந்தவர்கள் எல்லாரும் இப்படித்தான், அடுத்த பக்கம் தெரியாமல்தான் வாழ்ந்தார்கள் என்பது மாணவருக்கு உறைப்பது இந்த இடத்தில்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. நெதர்லாந்தில் இருந்த சுமார் 1,40,000 யூதர்களில் ஏறக்குறைய 1,02,000 பேர் கொல்லப்பட்டார்கள். இந்த எண்ணை மாணவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்வார்கள், அடுத்த மாதம் மறந்துவிடுவார்கள். எட்டுப் பேர் ஒரே கழிவறையை எப்படிப் பங்கிட்டார்கள், உருளைக்கிழங்கு தோலுரிப்பதில் யாருக்கும் யாருக்கும் சண்டை வந்தது என்று 300 பக்கம் படித்தவர் அந்த எண்ணைப் பார்க்கும் பார்வை வேறாகிவிடும்.

இதுவரை எதுவும் தெரியாதவருக்கு: ஆன் யார், என்ன நடந்தது?

1929 ஜூன் 12 அன்று ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் பிறந்த யூதச் சிறுமி. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் குடும்பம் ஆம்ஸ்டர்டாமுக்குக் குடிபெயர்ந்தது. ஜாம் தயாரிக்கத் தேவையான பெக்டின் விற்கும் நிறுவனத்தை ஓட்டோ அங்கே நடத்தினார். 1940 மே மாதம் ஜெர்மன் படைகள் நெதர்லாந்தைப் பிடித்தன.

1942 ஜூன் 12, பதின்மூன்றாம் பிறந்தநாள். சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட ஒரு ஆட்டோகிராஃப் ஏடு பரிசாகக் கிடைத்தது. அதில்தான் எழுதத் தொடங்கினாள். ஜூலை 5 அன்று பதினாறு வயது மார்கோவுக்கு ஜெர்மனியில் கட்டாய வேலைக்கு வரும்படி ஆணை வந்தது. மறுநாளே குடும்பம் பிரின்சன்கிராக்ட் 263இல் இருந்த அப்பாவின் அலுவலகப் பின்கட்டில் ஒளிந்துகொண்டது. ஒரு வாரத்தில் வான் பெல்ஸ் தம்பதியும் மகன் பீட்டரும் வந்தார்கள். நவம்பரில் ஃபிரிட்ஸ் ஃபெஃபர் என்ற பல் மருத்துவர் எட்டாவது ஆளாக வந்துசேர்ந்தார். அப்படியே இரண்டு ஆண்டும் ஒரு மாதமும்.

அங்கே எப்படி வாழ்ந்தார்கள்?

நாட்குறிப்பின் வளம் இதில்தான் இருக்கிறது. போர் பற்றிய புத்தகம் என்றதும் குண்டும் டாங்கியும் எதிர்பார்க்கும் மாணவர்கள் இங்கே தண்ணீர்க் குழாயையும் செருப்பையும் பார்ப்பார்கள்.

கீழே கிடங்கில் வேலை செய்தவர்களுக்கு மேலே ஆள் இருப்பது தெரியாது. அதனால் அலுவலக நேரத்தில் கழிவறையில் தண்ணீர் திறக்கக் கூடாது, செருப்பு போட்டு நடக்கக் கூடாது, இருமல் வந்தால் அடக்க வேண்டும். மதிய உணவுக்குக் கிடங்குக்காரர்கள் வீட்டுக்குப் போனதும் உதவியாளர்கள் மேலே வருவார்கள், அப்போதுதான் சத்தமாகப் பேசலாம். மீப் கீஸ், பெப் ஃபோஸ்கௌல், விக்டர் குக்லர், யோஹன்னஸ் கிளைமன் ஆகிய நால்வரும் ஓட்டோவின் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். ரேஷன் அட்டை, காய்கறி, செய்தி, நூலகப் புத்தகம் எல்லாம் இவர்கள் வழியாகத்தான் வந்தன. சனிக்கிழமை மீப் புத்தகங்களோடு வருவதற்காக வாரம் முழுக்கக் காத்திருந்ததை ஆன் எழுதியிருக்கிறாள். பெப்பின் பெயரில் தபால்வழிப் பாடம் வரவழைத்துச் சுருக்கெழுத்து கற்றார்கள். பின்கட்டுக்குப் போகும் கதவை மறைத்த நகரும் புத்தக அலமாரி பெப்பின் அப்பா செய்தது. சுவரில் பிள்ளைகளின் உயரத்தைப் பென்சிலால் குறித்துவந்தார்கள். ஒளிந்திருந்த காலத்தில் ஆன் 13 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்திருந்தாள். கொண்டுவந்த உடை எதுவும் போதவில்லை என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

வகுப்பில் எதைத் தவறவிட்டாலும் 1942 ஜூலை 8ஆம் தேதிக் குறிப்பைத் தவறவிடாதீர்கள். பெட்டியோடு தெருவில் நடந்தால் சந்தேகம் வரும் என்பதால், கோடைகாலத்தில் உடைக்கு மேல் உடையாக அடுக்கிப் போட்டுக்கொண்டு கிளம்புகிறாள். பள்ளிப் பைக்குள் முதலில் வைத்தது நாட்குறிப்பு. பிறகு தலைமுடி சுருட்டும் கருவிகள், கைக்குட்டை, பாடப் புத்தகம், சீப்பு, பழைய கடிதங்கள். இந்தப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, எது பயன்படும் எது பயன்படாது என்று கேளுங்கள். பதின்மூன்று வயதுப் பெண் தனக்கு என்ன நடக்கப்போகிறது என்று நினைத்திருந்தாள் என்பது அந்தப் பைக்குள் இருக்கிறது.

அன்றன்று எழுதியதா, பிறகு திருத்தியதா?

இரண்டும். நாட்குறிப்பைப் பற்றி மாணவர்கள் அறிய வேண்டியவற்றில் முதன்மையானது இதுவே. வகுப்புகளில் பெரும்பாலும் விட்டுப்போவதும் இதுதான்.

1944 மார்ச் 28 அன்று, லண்டனில் தஞ்சம் புகுந்திருந்த டச்சு (நெதர்லாந்து) அரசின் அமைச்சர் கெரிட் போல்கெஸ்டைன் வானொலியில் பேசினார். மக்கள் எழுதிய நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் போர் முடிந்ததும் திரட்ட வேண்டும், அவை இல்லாமல் வரலாறு முழுமையாகாது என்பது அவர் பேச்சின் சாரம். அதைக் கேட்ட ஆன், தன் நாட்குறிப்பைப் புத்தகமாக்கும் எண்ணத்தோடு மே 20 அன்று தனித்தாள்களில் மறுபடி எழுதத் தொடங்கினாள். பத்து வாரத்தில் 200 தாளுக்கு மேல். சிலவற்றை நீக்கினாள், சிலவற்றைச் சேர்த்தாள், வரிசையை மாற்றினாள், ஆட்களுக்குப் புனைபெயர் யோசித்தாள். வான் பெல்ஸ் குடும்பம் வான் டான் ஆனதும் ஃபெஃபர் டுசெல் ஆனதும் அப்படித்தான். 1944 மார்ச் 29 வரைக்குமான குறிப்புகளைத் திருத்தி முடிப்பதற்குள் பிடிபட்டாள்.

ஆக, அன்றன்று எழுதியது முதல் வடிவம், 1944இல் அவளே திருத்தியது இரண்டாம் வடிவம். இரண்டையும் கலந்து, சிலவற்றை விட்டு, ஓட்டோ தொகுத்த மூன்றாம் வடிவமே 1947 ஜூன் 25 அன்று 3,036 படிகளோடு டச்சு மொழியில் வெளியானது.

இதில் கவனிக்க வேண்டிய இடைவெளி ஒன்று உண்டு. 1942 டிசம்பர் தொடக்கம் முதல் 1943 டிசம்பர் பிற்பகுதி வரை எழுதிய அசல் ஏடுகள் கிடைக்கவில்லை. அந்த ஓராண்டுக்கு நம்மிடம் இருப்பது இரண்டாம் வடிவம் மட்டுமே. 1943 ஜூலையில் ஃபெஃபரோடு எழுத்து மேசைக்காக நடந்த வாக்குவாதத்தைப் பாருங்கள்: வாரத்தில் இரண்டு நாள், மாலை 4 மணி முதல் 5.30 வரை மேசை வேண்டும் என்று கேட்கிறாள், அவர் மறுக்கிறார், கடைசியில் அப்பா தலையிடுகிறார். பதினான்கு வயதில் நடந்த சண்டை, பதினைந்தை எட்டும் வயதில் திருத்தி எழுதப்பட்டது. அவள் பேச்சு அத்தனை கச்சிதமாகவும் அவர் பேச்சு அத்தனை சிறுபிள்ளைத்தனமாகவும் அமைந்திருப்பதை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள். அறையையும் மேசையையும் ஒரு சிறுமியோடு பங்கிட வேண்டியிருந்த ஐம்பது வயதைத் தாண்டியவர் அதே நிகழ்ச்சியை எப்படி எழுதியிருப்பார் என்று அப்போது கேட்கலாம்.

திருத்தியதால் நம்பகத்தன்மை குறைந்துவிட்டதா என்று சிலர் தயங்குகிறார்கள். குறையவில்லை. நடந்ததை ஒரு எழுத்தாளராக மீண்டும் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். எந்தப் பகுதி எப்போது எழுதப்பட்டது என்று தெரிந்து படித்தால் இரட்டை லாபம்.

சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் ஒரு பகுதி இருக்கிறதே, அது போதாதா?

போதாது. ஆனால் நல்ல வாசல். வகுப்பில் ஓயாமல் பேசியதற்குத் தண்டனையாகக் கணக்கு ஆசிரியர் கீசிங் கட்டுரை எழுதச் சொன்னதும், அவள் அதை வேடிக்கையாக எழுதி அவரையே சிரிக்கவைத்ததும் அந்தப் பாடத்தில் வருகின்றன. மாணவர்கள் ரசிப்பார்கள். அதோடு நின்றுவிட்டால் இரண்டு விஷயம் கைநழுவிப் போகும்.

முதலாவது, அந்தப் பள்ளிக்கூடம். 1941 இலையுதிர் காலத்தில் யூதப் பிள்ளைகள் மற்றவர்களோடு படிக்கக் கூடாது என்று ஆணை வந்தது. ஆன் தன் மாண்டிசோரி பள்ளியை விட்டு யூதர்களுக்கு மட்டுமான பள்ளிக்கு மாற வேண்டியதாயிற்று. கீசிங் கதை நடப்பது அங்கேதான். சிரிப்பு நிறைந்த அந்த வகுப்பறையே ஒதுக்கிவைக்கப்பட்ட வகுப்பறை.

இரண்டாவது, தொடக்கத்தில் வரும் 1942 ஜூன் 20ஆம் தேதிக் குறிப்பு. பதின்மூன்று வயதுப் பள்ளிச் சிறுமி மனம் திறந்து எழுதுவதில் பிற்காலத்தில் யாருக்கும் அக்கறை இருக்காது என்று அதில் சொல்கிறாள். அது இரண்டாம் வடிவத்தின் முகப்பு. அதாவது, 1944இல் புத்தகமாக்கும் எண்ணத்தோடு எழுதப்பட்ட முதல் பக்கம். வாசகரை உள்ளே அழைக்கத் தெரிந்தவள் வைத்த தொடக்கம் அது. இதைச் சொல்லிவிட்டு அதே பத்தியை மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள்.

எந்தப் பதிப்பை வாங்குவது?

ஓட்டோவின் 1947 தொகுப்பில், ஆனின் உடல் வளர்ச்சி பற்றிய சில பகுதிகளும் அம்மாவைப் பற்றிய கடுமையான சில வரிகளும் இல்லை. 1952இல் வந்த முதல் ஆங்கில மொழிபெயர்ப்பு அந்தத் தொகுப்பை ஒட்டியது. மிர்யாம் பிரஸ்லர் 1991இல் விரிவாக்கிய பதிப்பில் சுமார் 30 சதவீதம் கூடுதல். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, சூசன் மசோட்டி செய்தது, 1995இல் வந்தது. பள்ளிக்கு வாங்குவதானால் இந்த விரிவான பதிப்பையே பரிந்துரைப்போம்.

தமிழில் படிக்க விரும்பினால் மொழிபெயர்ப்புகள் உண்டு. வாங்கும்போது மூன்றைச் சரிபாருங்கள். சுருக்கப் பதிப்பா? 1942 ஜூன் முதல் 1944 ஆகஸ்ட் 1 வரை குறிப்புகள் இருக்கின்றனவா? எந்த மூலத்திலிருந்து மொழிபெயர்த்தது என்று முன்பக்கத்தில் அச்சிட்டிருக்கிறதா? 100 பக்கத்துக்குள் அடங்கும் "முழுக் கதை" எதுவும் நாட்குறிப்பே இல்லை, வேறொருவர் எழுதிய சுருக்கம். அதைப் படித்தவருக்கு ஆனின் குரல் கேட்டிருக்காது. படக்கதை வடிவமும் துணைக்குத்தான் உதவும்.

வகுப்பில் முப்பது பேர், நூலகத்தில் நான்கு படிகள் என்ற நிலை பல பள்ளிகளில் இருக்கிறது. அப்படியானால் நான்கு குழுக்களாகப் பிரித்து, குழுவில் ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் குறிப்பெடுப்பது நன்றாக வேலை செய்யும். உரக்க வாசிக்க ஏற்ற நடை அது.

எந்த வயதில் படிக்கக் கொடுக்கலாம்?

எட்டாம் வகுப்பிலிருந்து. ஆன் எழுதத் தொடங்கிய வயதும் அதுவே. விரிவான பதிப்பில் மாதவிடாய், உடல் பற்றிய ஆர்வம், பீட்டருடன் முதல் முத்தம் எல்லாம் வரும். ஆசிரியர் முழுவதையும் முன்கூட்டியே படித்துவிட்டு, பெற்றோருக்கு ஒரு வரியில் தெரிவித்துவிடுவது நல்லது. அந்தப் பக்கங்களை ஒட்டி மறைக்கும் வேலை மட்டும் வேண்டாம். மறைத்த பக்கத்தைத்தான் எல்லாரும் முதலில் தேடுவார்கள். அதைவிட, அவற்றை எழுதியவள் தங்கள் வயதுக்காரி என்று மாணவிகள் உணர்வதில் பெரிய ஆறுதல் இருக்கிறது.

எத்தனை வாரம் ஆகும்? எப்படிப் பிரிப்பது?

ஆறு வாரம் சரியாக வரும். ஒரு நாளைக்குப் பத்துப் பக்கத்துக்கு மேல் போகாதீர்கள், ஒரே மூச்சில் படித்தால் நாள்கள் நகர்வது தெரியாமல் போய்விடும்.

முதல் வாரம் 1942 ஆகஸ்ட் வரை. ஜூன் 20ஆம் தேதிக் குறிப்பில் யூதர்களுக்கு விதித்த தடைகள் வரிசையாக வரும்: சைக்கிளை ஒப்படைக்க வேண்டும், டிராமில் ஏறக் கூடாது, பிற்பகல் 3 முதல் 5 வரைதான் கடைக்குப் போகலாம், இரவு 8 முதல் காலை 6 வரை வெளியே தலைகாட்டக் கூடாது, திரையரங்கும் நீச்சல் குளமும் கிடையாது. மாணவர்கள் தங்கள் ஒரு நாளின் நேரப்பட்டியலை எழுதி, இந்தத் தடைகள் படும் இடங்களை அடித்துக்கொண்டே வரட்டும். பேருந்து, டியூஷன், விளையாட்டு, நண்பன் வீடு என்று ஒவ்வொன்றாகப் போவது கண்ணுக்குத் தெரியும். கொலை முகாம் வருவதற்கு முன் சட்டம் வந்தது என்பதை இந்தப் பயிற்சி காட்டிவிடும்.

இரண்டாம் வாரம் 1942 டிசம்பர் வரை, மூன்றாம் வாரம் 1943 முழுவதும். அந்த ஆண்டின் நவம்பர் 11ஆம் தேதி, தவறுதலாக அடுப்பில் விழுந்து எரிந்துபோன தன் மைப்பேனாவுக்கு ஆன் எழுதிய நினைவுரையை வாசியுங்கள். ஒன்பது வயதில் பாட்டி தந்த பேனா. நான்காம் வாரம் 1944 மார்ச் நடுப்பகுதி வரை. ஐந்தாம் வாரத்தில் வானொலிப் பேச்சும், ஏப்ரல் மாதத்தில் திருடர்கள் புகுந்து, போலீஸ் புத்தக அலமாரி வரை வந்து திரும்பிப்போன இரவும் வரும். ஆறாம் வாரம் மீதியும், அதற்குப் பிறகு நடந்ததும்.

ஆறு வாரமும் சுவரில் ஒரு நீளமான சார்ட் தாள் இருக்கட்டும். நடுவே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே பின்கட்டில் நடந்தது, கீழே வெளியுலகில் நடந்தது: 1942 ஜூலை 15 நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து யூதர்களை ஏற்றிய முதல் ரயில், 1943 பிப்ரவரி 2 ஸ்டாலின்கிராடில் ஜெர்மன் படை சரணடைந்தது, 1943 செப்டம்பர் 8 இத்தாலி சரணடைந்த செய்தி, 1944 ஜூன் 6 நார்மண்டி, ஜூலை 20 ஹிட்லர் மீது கொலை முயற்சி. கீழே இருப்பவற்றில் எவை உடனே மேலே எட்டின, எவை எட்டவே இல்லை என்று அம்புக்குறி போடச் சொல்லுங்கள்.

வகுப்பில் என்னென்ன தவறாகப் போகிறது?

மனிதர்கள் உள்ளத்தில் நல்லவர்களே என்ற பொருளில் ஆன் எழுதிய வரியைச் சுவரொட்டியாக்கி மாட்டுவதுதான் மிகப் பரவலான தவறு. 1944 ஜூலை 15ஆம் தேதிக் குறிப்பு அது. அதே பத்தியில், தங்களையும் அழிக்கப்போகும் இடி நெருங்கி வருவது கேட்கிறது என்கிறாள். நம்பிக்கையும் அச்சமும் ஒரே மூச்சில் வந்தவை. ஒன்றை மட்டும் பிய்த்தெடுத்தால் அவள் சொல்லாததை அவள் வாயில் போடுகிறோம். எழுதி மூன்று வாரத்தில் பிடிபட்டாள் என்பதையும் அந்தச் சுவரொட்டி சொல்லாது.

"நீ ஆன் என்று கற்பனை செய்து ஒரு பக்கம் எழுது" என்ற வீட்டுப்பாடம் அடுத்தது. கடன் வாங்கிய கண்ணீரும் சினிமா வசனமும்தான் வரும். அதற்குப் பதில் ஏதாவது ஒரு நாளின் குறிப்பை எடுத்துக்கொண்டு, அதில் அவள் கண்ணால் பார்த்தது எது, பிறர் சொல்லிக் கேட்டது எது, ஊகித்தது எது என்று மூன்று பத்தியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். இருட்டறையில் மாணவர்களை ஒளியவைத்து "உணர" வைப்பதும் வேண்டாம். அரை மணி நேர விளையாட்டால் அந்த அச்சம் புரியாது, புரிந்துவிட்டது என்ற தவறான எண்ணம்தான் மிஞ்சும்.

கொரோனா ஊரடங்கோடு ஒப்பிடுவது மாணவர்களுக்கு இயல்பாக வரும். தடுக்க வேண்டாம், ஆனால் அங்கேயே விட்டுவிடவும் வேண்டாம். ஊரடங்கில் வீட்டுக்குள் இருந்தால் பாதுகாப்பு என்று அரசு சொன்னது. ஆனுக்கோ, அரசே தேடிக்கொண்டிருந்தது. அண்டை வீட்டாருக்கும் தெரியக் கூடாது.

எல்லாப் பழியையும் ஹிட்லர் தலையில் மட்டும் போட்டு முடிப்பதும் பாதி உண்மைதான். யார் யூதர், எங்கே குடியிருக்கிறார் என்ற பதிவேடுகளைப் பராமரித்தது டச்சு அரசு ஊழியர்கள். ஆகஸ்ட் 4 அன்று நாஜிக்களின் எஸ்எஸ் படை அதிகாரி கார்ல் சில்பர்பாவருடன் வந்தவர்கள் டச்சுப் போலீசார். மறுபக்கம், உயிரைப் பணயம் வைத்துச் சோறு போட்ட நால்வரும் அதே நாட்டில் வாழ்ந்தவர்கள்தான்.

ஆனைத் தெய்வக் குழந்தையாக்குவதும் அவளுக்குச் செய்யும் அநியாயம். கோபக்காரி, கிண்டல்காரி, அம்மாவிடம் பல இடங்களில் ஈரமில்லாமல் நடந்துகொண்டவள். 1944 ஜனவரி 2 அன்று தன் பழைய குறிப்புகளைப் புரட்டி, அம்மாவைப் பற்றி இவ்வளவு வெறுப்போடு எழுதியது நானா என்று வெட்கப்படுகிறாள். பதினான்கு வயதுப் பெண் தன் எழுத்தைத் தானே விசாரணை செய்யும் அந்தப் பக்கத்துக்காக ஒரு முழு வகுப்பையும் ஒதுக்கலாம்.

1944 ஆகஸ்ட் 1க்குப் பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டுமா?

கட்டாயம். நாட்குறிப்பு நின்றுபோகிறது, முடிவதில்லை. அதோடு புத்தகத்தை மூடிவிட்டால் ஒளிந்து வாழ்ந்த கதையாக மட்டுமே மனதில் நிற்கும்.

எட்டுப் பேரும் வெஸ்டர்போர்க் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். செப்டம்பர் 3 அன்று அங்கிருந்து போலந்தில் இருந்த ஆஷ்விட்ச் கொலை முகாமுக்குப் புறப்பட்ட கடைசி ரயிலில் 1,019 பேர், அவர்களில் இந்த எட்டுப் பேரும். ஆனும் மார்கோவும் பிறகு பெர்கன்-பெல்சன் முகாமுக்கு மாற்றப்பட்டு, 1945 தொடக்கத்தில் டைஃபஸ் காய்ச்சலில் இறந்தார்கள். ஏப்ரல் 15 அன்று அந்த முகாமைப் பிரிட்டிஷ் படை விடுவித்தது. அம்மா எடித் ஜனவரி 6 அன்றே ஆஷ்விட்சில் இறந்திருந்தார். எட்டுப் பேரில் உயிரோடு திரும்பியவர் ஓட்டோ ஒருவர்தான். கைதான நாளில் தரையில் சிதறிக் கிடந்த தாள்களை மீப்பும் பெப்பும் எடுத்துவைத்திருந்தார்கள். மீப் அவற்றைப் படிக்காமலே மேசை இழுப்பறையில் வைத்திருந்து, ஆன் இறந்தது உறுதியானதும் ஓட்டோவிடம் கொடுத்தார். படித்திருந்தால் எரித்திருப்பேன் என்று பிற்காலத்தில் சொன்னார், உதவியவர்களின் பெயர்கள் அதில் இருந்தன.

காட்டிக்கொடுத்தது யார்?

உறுதியாக நிறுவப்படவில்லை. வேறு ஏதோ சோதனைக்கு வந்தபோது தற்செயலாக அகப்பட்டிருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. இந்தத் துப்பறியும் கேள்விக்கு வகுப்பில் ஐந்து நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.

நாட்குறிப்பு போலி, பால்பாயிண்ட் பேனாவால் எழுதியது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

பழைய பொய். மாணவர்கள் கேட்டால் கோபப்படாமல் விளக்குங்கள். ஏடுகளையும் தாள்களையும் நெதர்லாந்தின் அரசுத் தடயவியல் ஆய்வகம் பரிசோதித்தது. காகிதம், மை, பசை, கையெழுத்து அனைத்தும் அந்தக் காலத்துக்கும் அவளுக்கும் உரியவை என்று முடிவு சொன்னது. 1986இல் வந்த ஆய்வுப் பதிப்பில் இந்த அறிக்கையின் சுருக்கமும், மூன்று வடிவங்களும் ஒப்பிட்டுப் படிக்கும்படி அச்சாகியுள்ளன. பால்பாயிண்ட் மை இருந்தது, பின்னாளில் ஏடுகளை ஆராய்ந்தவர் குறிப்பெழுதி இடையில் வைத்த இரண்டு துண்டுத் தாள்களில் மட்டுமே. ஆனின் எழுத்தில் ஓரிடத்திலும் கிடையாது.

போரைக் கண்ட குடும்பத்துப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால்?

இலங்கையிலும், தமிழ்நாட்டின் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களை ஒட்டிய பள்ளிகளிலும், ஈழத் தமிழர் குடியேறிய நாடுகளின் தமிழ்ப் பள்ளிகளிலும் இது நேரடியாக எழும் கேள்வி. பங்கரும் இடப்பெயர்வும் அந்தப் பிள்ளைகளுக்குப் பாட்டியின் பேச்சில் வரும் சொற்கள்.

எந்தப் பிள்ளையையும் பெயர் சொல்லி எழுப்பி "உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்" என்று கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். முகாம் பகுதியைத் தொடங்குவதற்கு முந்தைய நாளே என்ன வரப்போகிறது என்று சொல்லிவிடுங்கள், வெளியே போக நினைப்பவர் கேள்வியில்லாமல் போகலாம் என்றும் சொல்லுங்கள். எந்தத் துயரம் பெரியது என்ற போட்டி தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஆனோடு நிறுத்திவிடலாமா, வேறு நாட்குறிப்புகளும் படிக்க வேண்டுமா?

இன்னொன்றாவது படியுங்கள். ஜெர்மன் படை முற்றுகையிட்ட ரஷ்ய நகரமான லெனின்கிராடில் சிக்கிய தான்யா சவிச்சேவா எழுதியது ஒன்பது சிறு பக்கம்தான். 1941 டிசம்பர் முதல் 1942 மே வரை, குடும்பத்தில் யார் எந்த நாளில் எத்தனை மணிக்கு இறந்தார் என்பது மட்டும். எல்லாரும் இறந்துவிட்டார்கள், தான்யா மட்டும் மிச்சம் என்று முடிகிறது. உண்மையில் அவளுடைய அக்கா நினாவும் அண்ணன் மிகயீலும் உயிரோடு இருந்தார்கள், அவளுக்குத்தான் தெரியாது. அறிந்ததை மட்டுமே எழுத முடியும் என்ற பாடத்துக்கு இதைவிட வலுவான சான்று இல்லை. போலந்துக் கிராமத்துச் சிறுவன் தவித் ரூபினோவிச், 1940 முதல் 1942 வரை பள்ளி நோட்டுகளில் எழுதினான். பிராகாவைச் சேர்ந்த பீட்டர் கின்ஸ் அன்றாடத்தை உணர்ச்சி காட்டாமல் குறித்தவன். பின்னர் போஸ்னியப் போரில் சிக்கிய சரயேவோ நகரின் ஸ்லாட்டா ஃபிலிப்போவிச் 1991இல், பத்து வயதில் தொடங்கியவள். ஆனைப் படித்துவிட்டுத் தன் நாட்குறிப்புக்கும் பெயர் வைத்தாள், உயிர் தப்பிப் பாரிஸ் போனாள். இப்போதைய மாணவர்களுக்கு அவள் உலகம் இன்னும் பக்கத்தில் தெரியும்.

மதிப்பெண் எப்படிப் போடுவது?

தேதிகளையும் பெயர்களையும் கேட்கும் ஒரு மதிப்பெண் வினாக்கள் வந்துவிட்டால், மாணவர்கள் புத்தகத்தை மூடிவிட்டு நோட்ஸ் வாங்கிவிடுவார்கள். புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதும் தேர்வாக வையுங்கள். கேள்விகள் இப்படி இருக்கலாம்: எழுத்து மேசைச் சண்டையை ஃபெஃபர் தரப்பிலிருந்து, குறிப்பில் உள்ள தகவல்களை மட்டும் வைத்துக்கொண்டு எழுதுக. அம்மாவைப் பற்றி 1942இல் எழுதிய ஒரு குறிப்பையும் 1944 ஜனவரி 2ஆம் தேதிக் குறிப்பையும் ஒப்பிட்டு, மாறியது அம்மாவா மகளா என்று வரி காட்டி நிறுவுக. நாட்குறிப்பில் பேசாத உதவியாளர் ஒருவரின் ஒரு வார வேலையைப் பட்டியலிடுக.

மாணவர்களையும் ஆறு வாரம் நாட்குறிப்பு எழுதச் சொல்வது நல்லது, ஆனால் அதை வாங்கிப் படிக்கவோ திருத்தவோ மதிப்பெண் போடவோ கூடாது. ஆசிரியர் படிப்பார் என்று தெரிந்தால் ஆசிரியருக்காகவே எழுதுவார்கள். ஆறாம் வாரம் முடிந்ததும் தங்கள் முதல் வாரக் குறிப்பில் ஏதாவது ஒரு பக்கத்தை அவர்களே திருத்தி எழுதட்டும். எதை நீக்கினார்கள், எதைச் சேர்த்தார்கள், ஏன் என்ற விளக்கத்தை மட்டும் அரைப் பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மதிப்பெண் அந்த அரைப் பக்கத்துக்கு.